17-இன் இடது பக்கம்

நவம்பர் 4
17-ஆம் எண் ஆளின் எம்ஆர்ஐ. நினைவுக்கான மூளைப் பகுதி ஹிப்போகாம்பஸ், இவருக்கு இடது பக்கம் போன வருடம் 3.4 மி.லி. இப்போது 3.1. வருடத்துக்கு 9 சதவீதம் போல வருகிறது. அல்சைமரிலேயே சராசரி 4, 5 சதவீதம்தான். மனசு ஒப்பவில்லை.

நவம்பர் 5
இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. சுருக்கத்தைக் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பிடும் ஷெல்டன்ஸ் அளவில் இரண்டுக்கும் 1தான். கண்ணுக்கு ஒன்றும் குறையவில்லை. 0.3 மி.லி. என்பது 1 மி.மீ. வாக்சலில், அதாவது படத்தின் குட்டிக் கனசதுரத்தில், 300. ஓரம் கொஞ்சம் நழுவினாலே போதும்.

நவம்பர் 7
இடவலம் மாறியிருக்குமோ? பழைய படம் அனலைஸ் என்ற பழைய கோப்பு வடிவத்துக்குப் போய் வந்தது. அதில் எது இடது, எது வலது என்ற தகவல் நம்பும்படி நிற்காது. நல்லவேளை, ஸ்கேனின்போது வலது நெற்றிப்பொட்டில் எவியோன் என்ற வைட்டமின் ஈ எண்ணெய் மாத்திரை ஒட்டியிருந்தார்கள். எண்ணெய் டி1 வகை எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டிலும் வலதுதான்.

நவம்பர் 8
மழை. கரண்ட் இல்லை.

நவம்பர் 9
மூளைப் பகுதிகளை அளக்கும் மென்பொருள் ஃப்ரீசர்ஃபர் ஐந்து மணி நேரம் ஓடிப் பாதியில் நின்றிருக்கிறது. திரும்ப ஓட்டினால் "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்கிறது. ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டரில் இஸ்ரன்னிங் என்று தொடங்கும் கோப்பை அழித்தால் வழிக்கு வரும். முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நவம்பர் 11
கிடைத்தது. டைகாம் ஹெடரை, அதாவது படக் கோப்பிலுள்ள ஸ்கேன் விவரங்களை, வரிவரியாக ஒப்பிட்டதில் டிஆர், டிஇ, ஃப்ளிப் ஆங்கிள் என்ற ஸ்கேன் அமைப்புகள் எல்லாம் ஒன்றே. தலையைச் சுற்றி வைத்து சிக்னல் வாங்கும் ரிசீவ் காயிலின் பெயர் மட்டும் வேறு: அப்போது 8 சானல், இப்போது 32. 32-இல் மண்டை ஓரம் வெளுத்து, மூளையின் நடுப்பகுதி மங்கும். அதைச் சமன்செய்யும் நார்மலைஸ் போட்டிருந்தால் இமேஜ் டைப் வரியில் 'நார்ம்' இருக்கும். இல்லை. மென்பொருள் பின்னால் திருத்தத்தான் செய்கிறது, ஆனால் முழுக்க இல்லை. ஹிப்போகாம்பஸ் இருப்பதோ நடுவில். மூளையின் சாம்பல் திசு, வெள்ளைத் திசு வித்தியாசம் அங்கே குறைந்தால் எல்லைக்கோடு உள்ளே வந்துவிடும். காயில் மாற்றிய தேதி பதிவேட்டில் இல்லை. யாருக்கும் எழுதத் தோன்றவில்லை போல.

நவம்பர் 12
மற்றவர்களுக்கும் இப்படித்தானா?

நவம்பர் 13
இப்படியேதான். முதல் ஸ்கேன் எல்லாம் பழைய காயில், இரண்டாவது எல்லாம் புதியது. கருவிகளுக்கிடையிலான வேறுபாட்டைக் கணக்கால் நீக்கும் காம்பேட் முறையைப் போட்டுச் சரிசெய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். காயிலும் காலமும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. காயிலின் பாதிப்பைத் துடைத்தால் நோயின் சுருக்கமும் சேர்ந்து போய்விடும். இரண்டு காயிலிலும் ஒரே வாரத்தில் எடுத்த ஆட்கள் நாலு பேராவது இருந்திருந்தால்.

நவம்பர் 15
ஒரே ஆளின் இரண்டு காலப் படங்களையும் சேர்த்துப் பொது வார்ப்புரு செய்து, அதை வைத்து இரண்டையும் அளக்கும் லாங்கிட்யூடினல் முறையில் ஓட்டினேன். 3.3, 3.1. அளவுகளின் சிதறல் குறைந்தது, காயிலால் வரும் ஒருபக்கச் சாய்வு போகவில்லை.

நவம்பர் 16
அறிக்கையில் மி.லி. போடவில்லை. கண்ணால் பார்த்தது மட்டும்.

நவம்பர் 18
17-ஐத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறது. பழைய காயிலை ஸ்டோரிலிருந்து எடுத்து ஃபேன்டம் என்ற சோதனைப் பொம்மையை வைத்துச் சோதித்தால், எட்டில் ஒரு சானல் செத்திருக்கிறது.