பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு மதியச் சாப்பாடு

வியட்நாமுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஹாலோங் விரிகுடாவைப் பற்றியும் முட்டைக் காபியைப் பற்றியும் எடுத்துச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் கிடைக்கிற ஒரு நாட்டுக்கு, கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற மாமனாரை அழைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பண விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. என் கணவர் கார்டுக் கட்சி. புறப்படுவதற்கு முன்பே டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்றையும் அவசரத்துக்கென்று கிரெடிட் கார்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, 2020-க்குப் பிறகு நம் வங்கிகள் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், செயலியில் அதை இயக்கிவிட்டு நிம்மதியாக இருந்தார். மாமனாரோ ரொக்கக் கட்சி. கையில் எண்ணிப் பார்க்க முடியாதது பணமே அல்ல என்பது அவருடைய கொள்கை. அவர் காரைக்குடிக்காரர், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்துச் சைகோனில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். நம்மவர்கள் கடன் கொடுத்த ஊரில் நாம் கார்டை நீட்டுவது கௌரவக் குறைவு என்று விமான நிலையத்திலேயே அறிவித்துவிட்டார். எந்தக் கட்சியிலும் சேராத மாமியாரின் சுருக்குப்பையில் எஞ்சிய டாலர்கள் இருந்தன. எங்கள் குடும்பத்தின் ரிசர்வ் வங்கி அதுதான்.

சைகோனில் இறங்கியதும் வங்கி முகப்பில் 200 டாலரை மாற்றினோம். மாமனார் சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்டுகளை வெளியே எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். சுமார் 52 லட்சம் டாங் வரப்போகிறதல்லவா? வந்தது என்னவோ பதினொரு தாள்கள்தான்: பத்து ஐந்து லட்சம், ஒரு இரண்டு லட்சம். வாழ்நாளில் இத்தனை பெரிய தொகையை இத்தனை விரைவாக எண்ணி முடித்ததில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். போதாக்குறைக்கு அவை பிளாஸ்டிக் நோட்டுகள். எச்சில் தொட்டு எண்ணினால் வழுக்கின, மடித்து வைத்தால் மறுபடி நிமிர்ந்தன.

அன்று மதியம் நால்வரும் சாப்பிட்டு முடித்ததும் வந்த பில்லில் 1,240 என்று இருந்தது. அங்கே பல உணவகங்களில் கடைசி மூன்று சைபர்களை எழுதுவதில்லை. விலை மலிவாக இருக்கிறதே என்று முகம் மலர்ந்த மாமனாரிடம் என் கணவர் அந்தச் சைபர்களைச் சேர்த்துப் படித்துக் காட்டினார்.

“பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரமா? நான் ரிட்டயர் ஆனபோது கையில் வந்ததே அவ்வளவுதானப்பா!”

இரண்டு சைபர்களை வெட்டிவிட்டு மூன்றால் வகுத்தால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும், இது சுமார் 4,100 ரூபாய்தான் என்று நான் விளக்கிய பிறகும், தம்முடைய பணிக்கொடையும் சேமநலநிதியும் ஒரு மீன் குழம்போடு கரைந்துபோன துயரத்திலிருந்து அவர் மீண்டுவரச் சற்று நேரமாயிற்று.

நோட்டுகளின் நிறத்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். எல்லாவற்றிலும் ஹோ சி மின் ஒரே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்று 66 ரூபாய், மற்றது 1,660 ரூபாய். என் கணவர் இளநீர்க்காரப் பெண்மணியிடம் பெரிய நீலத்தை நீட்டியபோது, அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவருடைய பர்ஸுக்குள் விரலை விட்டுச் சின்ன நீலத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். அன்று மாலையே மாமனார் சின்ன நீலத்தை வலப்பையிலும் பெரிய நீலத்தை இடப்பையிலும் பிரித்து வைத்து, இடப்பைக்கு ஊக்குக் குத்திவிட்டார்.

அந்த இளநீர் வண்டியில்கூட கியூஆர் அட்டை தொங்கியது. கார்டுக் கட்சித் தலைவர் ஆவலோடு கைபேசியைக் காட்டினார். நம்மூர்ச் செயலி அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கைவிரித்தது. சில கடைகளில் கார்டு கொடுத்தால் மூன்று சதவீதம் கூடுதல் என்றார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் இருப்பதோ டாலர். அது டாங்காக மாறும்போது அதற்கும் தனிக் கட்டணம். ரொக்கக் கட்சியின் செல்வாக்கு நாளுக்கு நாள் உயர்ந்தது.

நகைக்கடைகளில் டாலருக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று விடுதியில் யாரோ சொல்லக் கேட்டு மாமனார் கிளம்பியபோது மட்டும் என் கணவர் தடுத்தார். உரிமம் இல்லாத கடையில் 100 டாலரை மாற்றிய கான் தோ நகரத்து எலெக்ட்ரீஷியன் ஒருவருக்கு 2018-இல் 9 கோடி டாங் அபராதம் விதித்தார்கள்; நாடு முழுவதும் பேச்சாகி, பிறகுதான் அதைத் தள்ளுபடி செய்தார்கள். ஒன்பது கோடி என்று கேட்டதும் மாமனார் அதை மூன்றால் வகுத்துப் பார்க்கக்கூட முயலாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பென் தான் சந்தையில் மொழி தேவைப்படவில்லை. விற்கும் பெண் கால்குலேட்டரில் ஒரு தொகையைத் தட்டி நீட்டினாள்; மாமனார் அதை வாங்கிப் பாதியைத் தட்டிக் கொடுத்தார். முப்பதாண்டுக் காசாளர் விரல்களின் வேகத்தைக் கண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். கால் மணி நேரப் போருக்குப் பிறகு பத்தாயிரம் டாங் குறைந்தது. அது 33 ரூபாய் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அவர் உண்மையிலேயே ஜொலித்தது விடுதிக் கணக்கைத் தீர்த்தபோதுதான். 48 லட்சம் டாங்குக்குக் கார்டு இயந்திரம், டாங்கில் எடுக்கவா, 16,900 ரூபாயாக எடுக்கவா என்று அன்போடு கேட்டது. பல நாட்களுக்குப் பிறகு ரூபாயைக் கண்ட மகிழ்ச்சியில் என் கணவரின் விரல் அதை நோக்கிப் போக, மாமனார் அவர் கையைப் பிடித்தார். இரண்டு சைபர் வெட்டி மூன்றால் வகுத்தால் 16,000 தானே? கிரெடிட் கார்டுக்கு நம் வங்கி போடும் மூன்றரை சதவீதத்தையும் அதன் மேல் 18 சதவீத வரியையும் சேர்த்தாலும் 16,660 தான் வருகிறது. ரூபாயைத் தேர்ந்தெடுத்தாலும் பல வங்கிகள் தங்கள் பங்குக்கு ஒரு கட்டணம் போடத்தான் செய்கின்றன. இதையெல்லாம் காகிதமின்றி நின்ற இடத்திலேயே கணக்கிட்டு அவர் டாங் பொத்தானை அழுத்தினார். அதற்குப் பிறகு கார்டும் ஒருவகையில் பணம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

டாங்கை வெளிநாட்டில் மாற்றுவது கடினம் என்பதால், மிஞ்சியதையெல்லாம் விமான நிலையத்தில் காபித்தூளாக்கினோம். கணக்கு மட்டும் அவர் தலையைவிட்டு இறங்கவில்லை. திருச்சியில் இறங்கியதும் காரைக்குடிக்கு வாடகைக் காருக்கு ஓட்டுநர் 2,500 ரூபாய் கேட்டார்.

“ஏழரை லட்சமா!” என்று அலறினார் மாமனார்.

ஓட்டுநர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, “சரி சார், ரெண்டாயிரத்து முந்நூறு கொடுங்க” என்றார்.