மார்கழி பாங்கொக்கிலும்

இன்று பின்னேரம் புதுக்குடியிருப்பில் பெரியம்மாவின் விறாந்தை நிறையச் சனம். கையில் ஃபோன், அதில் ஒரு சிவப்பு ஊஞ்சலின் படம்.

"இது கோயில் ஊஞ்சலடி. அங்கையும் மார்கழியிலை எங்கட திருவெம்பாவை படிக்கினமாம்."

கனடாவில் இருந்து வந்த மகன், பாங்கொக்கைச் சுற்றிக் காட்ட ஒருநாள் தனி வழிகாட்டி ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார். வாட் போ விகாரையில் 46 மீற்றர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரைப் பார்த்ததோடு பெரியம்மாவுக்கு முழங்கால் பிடித்துவிட்டது. வழிகாட்டிப் பெண் மிச்சத் திட்டத்தை விட்டுவிட்டு, "அம்மாவுக்கு என்ன பார்க்க விருப்பம்?" என்று கேட்டாராம். கோயில் என்றிருக்கிறார் பெரியம்மா.

அப்படித்தான் தேவஸ்தானுக்குப் போனார்கள். 1784இல் கட்டிய அந்தணர் கோயில். முன்னால் பெரிய ஊஞ்சல். 1935 வரை விழாவில் அதில் ஆட்கள் ஏறி ஆடினார்கள். உச்சரிப்பு எவ்வளவோ மாறிப்போனாலும் மாணிக்கவாசகரின் வரிகள் இன்றும் அங்கே ஓதப்படுகின்றன. விடியற்காலையில் சங்கும் சேமக்கலமுமாய் எங்கள் ஒழுங்கைகளில் கேட்கும் அதே திருவெம்பாவை!

எனக்கு மனதில் நின்றது அந்தப் பெண்ணின் கேள்விதான்.

பெரியம்மா நிறைய ஊர் கண்டவர். 2009 வரை அவர் போன ஊர்களுக்கெல்லாம் ஷெல்தான் துரத்தியது. எங்கே போக விருப்பம் என்று யாரும் கேட்டதில்லை.

சீலோம் வீதி மாரியம்மன் கோயிலுக்குத்தான் நேரம் போதவில்லையாம். அடுத்த முறை முதலில் அங்கே போக வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.