வேகாத பருப்பும் நான்கு சட்டியும்

ஏற்காட்டு அத்தைக்கு எப்போதும் ஒரே புகார்: "இந்த மலைத் தண்ணில பருப்பு வேகவே மாட்டேங்குது கண்ணு." குக்கர் அவருக்கு ஆகாது, சட்டிதான். தண்ணீர் இல்லை, உயரம்தான் காரணம் என்பது என் கட்சி. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும்.

வெப்பமானியை முதலில் ஐஸ் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 0 காட்ட வேண்டியது 1 காட்டியது. அதைக் கழித்தால் சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டில் கொதிநிலை 99 டிகிரி, அத்தை வீட்டில் 95. ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

முதல் சுற்று. ஒரே பாக்கெட் துவரம்பருப்பு, 100 கிராம், ஒரே சட்டி. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து பருப்பை எடுத்து நசுக்குவது. ஐந்தும் மசிந்தால் வெந்தது. வீட்டில் போர் தண்ணீரில் 45 நிமிடம். அத்தை வீட்டில், அங்கத்திய தண்ணீரில், 48. சப்பென்று ஆகிவிட்டது. 'அத்தைக்குப் பிரமை' என்று நோட்டில் எழுதியும் வைத்தேன்.

பஸ்ஸில் இறங்கும்போது ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் உறைத்தது. உயரத்தோடு தண்ணீரையும் சேர்த்தல்லவா மாற்றியிருக்கிறேன்!

அப்புறம் மலைத் தண்ணீரைக் கீழே கொண்டுவந்தேன், போர் தண்ணீரை மேலே கொண்டுபோனேன். "ஏற்காட்டுக்கே தண்ணியா?" என்று கண்டக்டர் சிரித்தார். இன்னொரு ஓட்டையும் இருந்தது: நசுக்குவது நானென்றால் விரல் என் கட்சிக்குத்தான் சாயும். அத்தை மகள் வாரநாளில் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறவள். எது எந்தத் தண்ணீர் என்று சொல்லாமல் நான்கு சட்டியையும் அவளையே பார்க்கச் சொன்னேன்.

கீழே: போர் தண்ணீர் 45, மலைத் தண்ணீர் 36. மேலே: மலைத் தண்ணீர் 51, போர் தண்ணீர் 63.

உயரம் நேரத்தைக் கூட்டுகிறது, சரி. ஆனால் எங்கள் போர் தண்ணீரும் கூட்டுகிறது. கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடும். மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவை வெட்டியெடுக்கும் ஊரில் இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். முதல் சுற்றில் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. 'பிரமை'யை அடித்துவிட்டேன்.

தலா ஒரு சட்டிதான் ஆகியிருக்கிறது. பொங்கலுக்குள் இன்னும் மூன்று சுற்று பார்க்க வேண்டும். அத்தையிடம் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம தண்ணி நல்ல தண்ணிங்கற. போறப்ப ரெண்டு கேன் எடுத்துட்டுப் போ," என்றார்.