குளவிக் கூட்டைத் தொடும் முன் கேட்க வேண்டிய அனுமதி

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள கிம்பர்லியில், பாறை ஓவியங்களின் வயதை அவற்றின் அடியிலும் மேலும் உள்ள குளவிக் கூடுகளைக் கொண்டு கணிக்கும் ஒரு குழுவுக்கு உதவியாளராகப் போனேன். இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் மாணவர்கள் பெரும்பாலும் ஆய்வகக் கருவிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது அனுமதியைப் பற்றி.

அங்கே ஒவ்வொரு ஓவியமும் ஏதோ ஒரு பூர்வகுடிக் குலத்தாரின் நிலத்தில் இருக்கிறது. பாலங்கரா மக்களின் அமைப்பு போன்றவற்றிடம் திட்டத்தை விளக்கிச் சொல்லி, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, அப்புறம் காத்திருக்க வேண்டும். எந்தப் பாறைக்குப் போகலாம், எதைப் படமெடுக்கலாம், எந்த இடத்தின் பெயர் அச்சில் வரக்கூடாது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. மழைக்காலத்தில் பாதைகள் அடைபட்டுவிடும், அதனால் வறண்ட மாதங்களில்தான் களப்பணி. அதைக் காரணம் காட்டி யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. ஒரு குடும்பத்தில் சாவு விழுந்ததால் எங்கள் பயணம் தள்ளிப்போனது. துக்கம் முடியும்வரை வேலை இல்லை, அதுதான் முறை.

பாறையை நெருங்கியதும் மூத்தவர் ஒருவர் முன்னால் நின்று, தங்கள் மொழியில் முன்னோர்களைக் கூப்பிட்டு, வந்திருப்பவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்று சொல்வார். அது முடியும்வரை நாங்கள் பையைக்கூடத் திறப்பதில்லை.

ஓவியங்களில் உள்ள சிவப்பு வண்ணம் இரும்பு ஆக்சைடு. அதில் கார்பன் இல்லாததால் நேரடியாக வயது பார்க்க முடியாது. கைகொடுப்பது மண்குளவி. ஈரமண் எடுத்துக் கூடு கட்டும்போது காட்டுத்தீயின் கரித்துகளும் அதில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கரியில், காலம் போகப் போகச் சீராகக் குறைந்துவரும் கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து வயதைக் கணிக்கலாம். ஓவியத்துக்கு அடியில் உள்ள கூடு ஓவியத்தைவிடப் பழையது, மேலே உள்ளது புதியது. 2021-இல் வெளியான ஆய்வில் ஒரு கங்காரு ஓவியத்துக்கு அடியிலும் மேலும் மும்மூன்று கூடுகள் கிடைத்தன. அதனால்தான் அதன் வயது 17,100 முதல் 17,500 ஆண்டுகளுக்குள் என்று அத்தனை நெருக்கமாகச் சொல்ல முடிந்தது. அப்படி இருபுறமும் கூடு அமைவது மிக அரிது.

கூட்டை எடுப்பதுதான் மனம் பதறும் வேலை. ஓவியத்தின் மேலிருக்கும் கூடு என்றால், வண்ணத்துக்குச் சேதம் வரும் என்று தோன்றினாலே விட்டுவிடுவோம். ஒவ்வொன்றையும் முதலில் மூத்தவரிடம் காட்டுவோம். "இது வேண்டாம்" என்று அவர் சொன்னால் காரணம் கேட்பதில்லை. நல்ல பெரிய கூடு ஒன்று அப்படியே பாறையில் நிற்கிறது. ஆய்வுக்கு அது இழப்பே இல்லை என்று இன்றும் நம்புகிறேன். ஓவியம் அவர்களுக்கு உயிருள்ள உறவு, வயது தெரியாவிட்டாலும் அந்த உறவு குறைவதில்லை.

ஆய்வகத்தில் அமிலத்திலும் காரத்திலும் கழுவிக் கரியைப் பிரிப்போம். பல கூடுகளில் போதிய கரி இருக்காது. தேறியவை மட்டும் கார்பன்-14 அளக்கும் முடுக்கிக் கருவிக்குப் போகும்.

முடிவு வந்ததும் ஆய்விதழுக்கு எழுதும் முன் ஊருக்குப் போய்ச் சொன்னோம். எண்ணைக் கேட்டு யாரும் மலைத்துவிடவில்லை. "எப்போதும் இருக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே" என்றார் ஒரு பாட்டி. பிள்ளைகள் பள்ளியில் காட்ட நல்ல படங்கள் வேண்டும் என்று கேட்டார், கொடுத்தோம். அடுத்த வறண்ட பருவத்தில் எந்தப் பாறைகளைப் பார்க்கலாம் என்ற பட்டியலையும் அந்தக் கூட்டத்திலேயே அவர்கள் போட்டுத் தந்தார்கள்.