பால் ஏறிய இலை

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1937இல் வரைந்த ‘என் செவிலித்தாயும் நானும்’ ஓவியத்தை ராத்திரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உலோகத் தகட்டில் தீட்டிய சின்னப் படம்தான்.

ஃப்ரீடா பிறந்த அடுத்த வருஷமே தங்கை பிறந்துவிட, அவருக்குப் பாலூட்டியவர் மெக்சிகோவின் பூர்வகுடிப் பெண். படத்தில் அவர் முகத்தை ஒரு பழங்கால முகமூடி மறைத்திருக்கிறது. மடியில் பச்சைப்பிள்ளையின் உடம்பு, அதற்கு வளர்ந்த ஃப்ரீடாவின் தலை. மார்புக்குள் பால் நாளங்கள் செடியாகக் கிளைவிட்டிருக்கின்றன. வானத்திலிருந்தும் பால்துளிகள். பின்னால் ஒரு பெரிய இலை, அதன் நரம்பெல்லாம் பால் ஏறி வெளுத்திருக்கிறது.

அந்தம்மா குழந்தையைக் குனிந்து பார்க்கவேயில்லை. அங்கேதான் நான் உடைந்தேன். 1932இல் டெட்ராய்டில் கரு கலைந்து, கடைசிவரை பிள்ளை இல்லாமலே போனவர் ஃப்ரீடா. என் மகளுக்குப் பால் கொடுத்த நாட்களில் இந்த இலையைப் பார்த்திருக்க வேண்டும் நான்.