வீடியோவும் ஆட்டு இதயமும்

2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள், செல்போனில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும் கியூஆர் குறியீட்டோடு வரத் தொடங்கியபோது, "இனி டீச்சர் எதுக்கு?" என்ற பேச்சு எங்கள் ஆசிரியர் அறையிலேயே எழுந்தது. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் எனக்கு இப்போது அந்தக் கவலை இல்லை. வேலைதான் மாறியிருக்கிறது.

முன்பெல்லாம் இதயத்தின் நான்கு அறைகளைக் கலர் சாக்பீஸில் வரைவதற்கே பாதி பீரியட் போய்விடும். இப்போது திரையில் வீடியோ ஓடுகிறது. வால்வு திறந்து மூடுவது பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். இடது கீழறையின் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன்? கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து, தட்டில் வைத்து நெடுக அறுத்துக் காட்டினேன். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி இடது, வலது கீழறைகளின் சுவர் இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மிஸ், இது உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளணும். அது பக்கத்துல இருக்கிற நுரையீரலுக்கு மட்டும்தானே?" என்றாள். அதற்கு மேல் நான் என்ன விளக்குவது!

அப்புறம் ஒன்று. ஆன்லைனில் விவரங்களை ஏற்றுவதிலேயே தினமும் நிறைய நேரம் போகிறது. அந்த வேலைக்குத் தனி ஆள் போட்டால், இப்படி அறுத்துக் காட்ட இன்னும் எத்தனையோ பாடம் இருக்கிறது.