வௌவால் கூட்டத்தில் எல்லைக்கோடு தேடியபோது

எஃப்எஸ்டி (FST) என்பது இரண்டு கூட்டங்கள் மரபணு அளவில் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்று சொல்லும் எண். அதைப் பரீட்சைக்காகத்தான் முதலில் படித்தேன். இரண்டு கூட்டங்கள் தாராளமாகக் கலந்து இனப்பெருக்கம் செய்தால் அந்த எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். பிரிந்து கிடந்தால் 1-ஐ நோக்கி ஏறும். உண்மையான தரவில் அதைப் போட்டுப் பார்க்கும் ஆசை வந்தபோது கண்ணில் பட்டது ஆப்பிரிக்காவின் வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவால், ஐடோலான் ஹெல்வம். அலிசன் பீல் குழுவினர் 2013இல் இதைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். பிற்பாடு அவர்களுடைய தரவும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வந்தது. முடிவு தெரிந்த கணக்கை நானே போட்டுப் பார்த்துப் பழகலாம் என்று இறங்கினேன்.

தரவு என்றால் என்ன? வௌவாலின் இறக்கைச் சவ்விலிருந்து வட்டமாக ஒரு சின்னத் துண்டு எடுப்பார்கள். அந்தத் துளை சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். துண்டிலிருந்து டிஎன்ஏ பிரித்து, மைக்ரோசாட்டலைட் எனப்படும் இடங்களின் நீளத்தை அளப்பார்கள். டிஎன்ஏவின் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் அவை. எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது வௌவாலுக்கு வௌவால் மாறும். கடைசியில் நம் கைக்கு வருவது ஓர் எக்செல் தாள்: ஒரு வரிசைக்கு ஒரு வௌவால், ஒவ்வோர் இடத்துக்கும் தாயிடமிருந்து ஓர் எண், தந்தையிடமிருந்து ஓர் எண்.

தீவுகள் எளிதாகப் பிரிந்தன. கினி வளைகுடாவில் வரிசையாக நான்கு தீவுகள் இருக்கின்றன: பியோகோ, பிரின்சிபி, சாவோ தோமே, அன்னபோன். கரையிலிருந்து சுமார் 32 கிலோமீட்டரில் இருக்கும் பியோகோவின் வௌவால்கள் கண்டத்தோடு சேர்ந்துகொண்டன. பிரின்சிபியும் சாவோ தோமேயும் ஒரு கூட்டம். அன்னபோன் தனி. கட்டுரையில் இருந்ததும் அதேதான். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் கண்டத்துக்குள் வந்தது. தீவுகளை நீக்கிவிட்டு, நிலப்பரப்பு வௌவால்களை மட்டும் ஸ்ட்ரக்சர் மென்பொருளில் ஓட்டினேன். இத்தனை கூட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள் என்று ‘கே’ என்ற எண்ணை நாம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வௌவாலும் எந்தக் கூட்டத்தின் வாரிசு என்று அது வண்ணப் பட்டையாக வரைந்து காட்டும். எந்தக் ‘கே’ சரி என்று பார்க்கப் பலரும் கையாளும் டெல்டா கே முறையைப் போட்டேன். 2 என்று வந்தது. கட்டுரையோ கண்டம் முழுக்க ஒரே கூட்டம் என்கிறது!

இரண்டு வாரம் அதிலேயே உழன்றேன். ஒருநாள், நீலப் பட்டையாக வந்த வௌவால்களின் வரிசைகளைத் தாளில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கானா ஒன்று, தான்சானியா இரண்டு, மலாவி ஒன்று. வரைபடத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத இடங்கள். ஆனால் எல்லா வரிசையிலும் 0, 0, 0 என்று நிறைய. அளவீடு கிடைக்காத இடங்கள் அவை. கோப்பை மாற்றும்போது அவற்றை 0 என்றே விட்டிருந்தேன். விடுபட்ட மதிப்பு -9 என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்தேன். அதனால் அது 0-வையும் ஓர் அல்லீல், அதாவது அந்த இடத்தில் வரக்கூடிய மரபணு வடிவங்களில் ஒன்று, என்று எடுத்துக்கொண்டு, தரவு விடுபட்ட வௌவால்களையெல்லாம் ஒரு குடும்பமாக்கிவிட்டது.

சரி செய்து மறுபடி ஓட்டினேன். நீலக் கூட்டம் கரைந்தது. அப்போதும் டெல்டா கே 2 என்றே சொன்னது. அந்த முறை அடுத்தடுத்த ‘கே’ மதிப்புகளுக்கு இடையிலான மாற்றத்தை வைத்துக் கணக்கிடுவது. 1-க்கு முன்னால் எதுவும் இல்லாததால் ‘ஒரே கூட்டம்’ என்ற விடையை அதனால் தரவே முடியாது. இதைத் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் நினைக்கிறேன். பட்டைகளைப் பார்த்தபோதுதான் தெளிந்தது: ஒவ்வொரு வௌவாலும் பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம். பிரிக்க எதுவும் இல்லாதபோது மென்பொருள் அப்படித்தான் சரிபாதியாகப் பங்கிடும். எஃப்எஸ்டி அட்டவணையிலும் சில இடங்களில் சின்ன எதிர்மறை எண்கள் இருந்தன. பயப்பட வேண்டாம், மதிப்பீட்டு முறையால் வருவது அது. பூஜ்யம் என்றே படிக்க வேண்டும்.

அப்புறம்தான் இந்த வௌவால்களின் பயணத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாம்பியாவின் கசன்கா தேசியப் பூங்காவில், சின்னஞ்சிறு சதுப்புக் காடு ஒன்றில் லட்சக்கணக்கில் வந்து தொங்குகின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒன்று 2500 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது பதிவாகியிருக்கிறது. பழம் பழுக்கும் பக்கமெல்லாம் போகிற உயிருக்குக் கானா என்ன, தான்சானியா என்ன!

இப்போது என் மனதில் நிற்பது அன்னபோன்தான். சாவோ தோமேயிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். கண்டத்தில் இருக்கும் அதே இனம், அதே இறக்கை; ஆனாலும் அந்தக் கடலைத் தாண்டி வந்துபோவது அபூர்வம் என்று மரபணு சொல்கிறது. கோப்பை மூடுவதற்கு முன் ஒரு தடவை அந்த வண்ணப் படத்தின் வலது ஓரத்தைப் பார்ப்பேன். அங்கே அன்னபோன் வௌவால்கள், அடியிலிருந்து நுனிவரை ஒரே நிறத்தில்.